வட்டியை உயர்த்தினால் வெங்காயம் மலிவாகுமா?

அந்தமானின் டாலிகஞ்ச் கடைத்தெருவில் வெங்காய விலையைத் தீர்மானிப்பவை எவை? பெருநிலப்பகுதியில் பெய்த அல்லது பொய்த்த மழை; வணிகரின் பதுக்கல்; ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரும் கப்பலின் எரிபொருள், வாடகை. இவற்றுள் ஒன்றையேனும் ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம் மாற்றுமா?

மாற்றும் என்பதே நவதாராளமயத்தின் நம்பிக்கை. 2016இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. பணவீக்கத்தை 4 சதவீதத்தில், இரண்டு சதவீதப் புள்ளி கூடவோ குறையவோ நிறுத்துவது இலக்காயிற்று. அறுவர் கொண்ட பணக்கொள்கைக் குழுவிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதமாயிற்று. ஆயினும் அதே ஆண்டு ஜூலையில், காய்கறி விலை விண்ணை முட்ட, சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதத்தைத் தொட்டது. வட்டிக்கு வயலும் பணியவில்லை, மழையும் பணியவில்லை.

பணிந்தவர்கள் உழைக்கும் மக்களே. இருபதாண்டுத் தவணையில் 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் பெற்ற குடும்பத்துக்கு, வட்டி 7இலிருந்து 9.5 சதவீதமானால் மாதத் தவணை ஏறத்தாழ 3,100 ரூபாய் கூடும். சிறுதொழில் கடன் சுருங்கும், வேலை குறையும், கூலி பேரம் தளரும். மக்களின் வாங்கும் சக்தியை ஒடுக்கி விலையை அடக்குவதே இம்மருந்தின் செயல்முறை.

பலன் யாருக்கு? ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்தாண்டுக் கடன் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். சந்தை வட்டி 8 சதவீதமானால் அதன் விலை ஏறத்தாழ 93 ரூபாயாக இறங்கும். பத்திரம் வைத்திருப்போருக்கு இது நட்டம்தான். ஆனால் அவர்கள் அதனினும் அஞ்சுவது பணவீக்கத்தை. நிலையான அந்த 7 ரூபாயின் மதிப்பையே அது அரித்துவிடும். எனவேதான் வேலையைப் பலியிட்டேனும் பணத்தின் மதிப்பைக் காக்குமாறு நிதி மூலதனம் கோருகிறது. 2024 ஜூனில் ஜே.பி. மார்கன் குறியீட்டில் இந்திய அரசுப் பத்திரங்கள் சேர்க்கப்பட்டபின் இப்பிடி மேலும் இறுகியுள்ளது. அந்நிய நிதி வெளியேறினால் ரூபாய் சரியும். இறக்குமதி எண்ணெய் விலை ஏறும்.

உயர் வட்டியால் ஓய்வூதியரின் வைப்புத்தொகைக்குப் பலன் உண்டே என்பர் சிலர். தந்தையின் சேமிப்பைக் காக்க மகனின் வேலையைப் பறிப்பது என்ன நீதி?

ஒன்றிய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் வட்டிச் செலவு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய். மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு. ஊரக வேலை உறுதித் திட்டத்துக்கு ஒதுக்கியதோ 86,000 கோடி.

உணவு விலையேற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் தேவை மிகுதியன்று, வரத்துக் குறைவே என 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. அதற்கு அது சொன்ன வழி, பணவீக்க இலக்கிலிருந்து உணவை நீக்குவது குறித்து ஆராயலாம் என்பது! காய்ச்சல் தணியாவிடில் வெப்பமானியை ஒளித்துவைக்கும் வைத்தியம் இது.

விலைவாசி உழைப்பாளரின் பகை. அதை இடதுசாரிகள் ஒருபோதும் மறுத்ததில்லை. அதை எதிர்க்கும் ஆயுதங்கள் வேறு: அனைவருக்குமான பொது விநியோகம், பதுக்கலுக்குத் தடை, எரிபொருள் வரிக்குறைப்பு, பெருஞ்செல்வர் மீது வரி, கப்பல் போக்குவரத்துக்குப் பொது முதலீடு. டாலிகஞ்சுக்கு வேண்டியது மலிவான சரக்கோடு காலத்தில் வரும் கப்பல். அதைக் கொண்டுவருவது அரசின் கடமை. கொண்டுவரச் செய்வது நம் போராட்டத்தின் கடமை.