கலெக்டர்ஸ் எடிஷன்: கூடுதல் காசு படத்துக்கா, பெட்டிக்கா?

மாதச் சந்தா கட்டினால் ஓடிடியில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கின்றன. அப்படியிருக்க, ஒரே ஒரு படத்தின் டிஸ்க்கை நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் கொடுத்து யாராவது வாங்குவார்களா? வாங்குகிறார்கள். கெட்டி அட்டைப் பெட்டி, போஸ்டர், சின்னப் புத்தகம், மேலே ‘லிமிடெட்’ என்று ஒரு ஸ்டிக்கர். இதுதான் கலெக்டர்ஸ் எடிஷன்.

இந்த விலை நியாயமா? படத்தின் பிரதிக்காகக் கொடுக்கும் காசு வீண் இல்லை. பெட்டிக்காகக் கொடுக்கும் காசு பெரும்பாலும் வீண்தான். நம்ம காசு இந்த இரண்டில் எதற்குப் போகிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

நல்ல பிரதி என்றால் என்ன?

சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ‘அபராஜிதோ’ (1956), ‘அபுர் சன்சார்’ (1959) மூன்றையும் எடுத்துக்கொள்வோம். இவற்றின் ஒரிஜினல் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. மிஞ்சியதைத் தூக்கிப் போடாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி பத்திரப்படுத்தி வைத்தது. அதற்கு 20 ஆண்டுகள் கழித்து, அகாடமியும் கிரைட்டீரியன் நிறுவனமும் சேர்ந்து அதை இத்தாலியின் பொலோன்யா நகர லேபுக்கு அனுப்பின. ஒட்டிக்கொண்ட சுருளைப் பிரித்து, உடைந்த ஓரத் துளைகளைக் கையாலேயே சரிசெய்தார்கள். இதற்கே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் ஆனது.

‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீதமும், ‘அபராஜிதோ’வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவில் இருந்தே மீண்டன. மீதிக்கு வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளைத் தேடி எடுத்தார்கள். 2015-ல் இந்த மூன்று படங்களும் ஒரே செட்டாக ப்ளூ-ரேயில் வந்தன. அந்த செட்டை வாங்குபவர் கொடுக்கும் காசில் இந்த உழைப்பும் அடக்கம். அது நியாயமான விலை.

4கே என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. 2024-ல் ஜேம்ஸ் கேமரூனின் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ படங்கள் 4கே டிஸ்க்கில் வந்தன. முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருப்பதாகவும், ஃபிலிமுக்கே உரிய நுண்புள்ளிகள் துடைக்கப்பட்டு விட்டதாகவும் ரசிகர்கள் பொங்கினார்கள். கேமரூன் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். விலையும் ‘4கே’ முத்திரையும் மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான் பாடம். எந்த மூலத்தில் இருந்து ஸ்கேன் செய்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்பதைப் பெட்டியின் பின்பக்கத்தில் தேடுங்கள். அங்கே ஒன்றுமே எழுதவில்லை என்றால் யோசியுங்கள்.

ஓடிடியிலேயே 4கே இருக்கே?

இருக்கிறது. ஆனால் ரெண்டும் ஒன்றில்லை. 4கே பார்க்க நொடிக்கு 15 மெகாபிட் இணைய வேகம் போதும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே டிஸ்க்கிலோ அது நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டியும் போகும். இருட்டுக் காட்சி, மழை, புகை வரும் இடங்களில் பெரிய திரையில் இந்த வித்தியாசம் தெரியும். 32 இன்ச் டிவியில் பார்ப்பவருக்கு அநேகமாகத் தெரியாது.

இன்னொன்று, ‘வாங்கு’ பட்டனை அழுத்தி ஆன்லைனில் வாங்கும் படம் நமக்குச் சொந்தம் இல்லை. பார்க்கும் உரிமம் மட்டும்தான். காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் பயனர்களுக்கு சோனி அறிவித்தது. பிறகு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டதால் அவை தப்பின. அலமாரியில் இருக்கும் டிஸ்க்குக்கு இந்தப் பயம் கிடையாது.

நம்ம ஊரில் இருந்து வாங்கினால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ப்ளூ-ரேக்கு ரீஜன் கோடு உண்டு. அமெரிக்கா ‘ஏ’, இந்தியா ‘சி’. அமெரிக்காவில் வரும் கிரைட்டீரியன் ப்ளூ-ரே பெரும்பாலும் ‘ஏ’ பூட்டு போட்டது. இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இல்லை.

அமெரிக்க விலைப்பட்டியலில் கிரைட்டீரியனின் ஒரு பட ப்ளூ-ரே வழக்கமாக 39.95 டாலர், 4கே 49.95 டாலர். அந்த 10 டாலர் கூடுதல்தான் நம்ம வீட்டில் படம் ஓட வழி செய்கிறது, 4கே பிளேயர் இருந்தால். ஆனாலும் ஒரு சிக்கல். பேட்டிகள், ஆவணப்படங்கள் போன்ற கூடுதல் அம்சங்களை அந்த நிறுவனம் பெரும்பாலும் கூடவே வரும் ப்ளூ-ரேயில்தான் வைக்கிறது. படம் ஓடும், அவை ஓடாது. அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருப்போம். கூரியர், சுங்க வரி தனி.

அப்போ வாங்கலாமா?

வாங்கும் முன் உங்களையே நாலு கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தை மூன்றாவது முறையும் பார்ப்பேனா? சாதா எடிஷனிலும் இதே பிரதிதான் இருக்கிறதா? என் பிளேயரில் ஓடுமா? என் டிவியில் வித்தியாசம் தெரியுமா? இரண்டாவது கேள்விக்குப் பதில் ‘ஆமா’ என்றால் சாதா எடிஷனே போதும். அப்போது மீதிக் காசு இரும்பு டப்பாவுக்கும் போஸ்டருக்கும்தான் போகும். அந்த டப்பா பிடித்துப்போய் வாங்கினால் தப்பில்லை. ஆனால் ‘லிமிடெட், சீக்கிரம்’ என்ற அவசரத்தில் வாங்காதீர்கள். கிரைட்டீரியன் டிஸ்க்குகள் அமெரிக்கக் கடைகளில் ஆண்டுக்குச் சில முறை பாதி விலைக்கே வருகின்றன.

நல்ல பிரதிக்குக் காசு கொடுக்க நம்ம ஆட்கள் தயங்குவதில்லை. 2012-ல் டிஜிட்டலில் புதுப்பித்து வெளியிட்ட ‘கர்ணன்’ (1964) படத்துக்குத் தியேட்டரில் கூடிய கூட்டமே சாட்சி. ஆனாலும் எத்தனையோ பழைய தமிழ்ப் படங்களை யூடியூபில் மங்கிய, ஓரம் வெட்டிய பிரதியில்தான் இன்றும் பார்க்கிறோம். அவற்றைச் சுத்தம் செய்து யாராவது டிஸ்க் போட்டால், பெட்டி எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். தாராளமாக.