ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்: சிறுகுடலுக்கு ஓர் எக்ஸ்ரே

ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியில் தையல் வேலை. ஆறு மாதமாகச் சாப்பிட்டதும் வயிற்றை முறுக்கி இழுக்கிறதாம். உடம்பும் இளைத்துக்கொண்டே வருகிறதாம். டாக்டர் சிறுகுடலுக்குப் பேரியம் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிவிட்டார். "பத்து மாதக் குழந்தை பால் குடிக்குது. கண்ட மருந்தையும் குடிச்சுட்டு எப்படிப் பால் கொடுப்பேன்னு மாமியார் சத்தம் போடறாங்க. ஒருநாள் கூலியும் போயிடும். போகத்தான் வேணுமா அக்கா?" என்று கேட்கிறார்.

போகத்தான் வேண்டும், தங்கச்சி!

சிறுகுடல் சுமார் 20 அடி நீளம். வாய் வழியாக விடும் சாதாரணக் குழாய் அதன் ஆரம்பத்தைத்தான் எட்டும். வெறும் எக்ஸ்ரேயிலும் குடல் தெளிவாகத் தெரியாது. அதனால்தான் சுண்ணாம்புக் கரைசல் மாதிரி வெள்ளையான பேரியம் சல்பேட்டைக் குடிக்கச் சொல்கிறார்கள். அது போகும் வழியெல்லாம் படத்தில் பளிச்சென்று விழும். தண்ணீரில் கரையாத பொருள் என்பதால் ரத்தத்தில் சேராது, தாய்ப்பாலிலும் வராது. பாலை நிறுத்த வேண்டாம் என்று மாமியாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஆனால் மாமியார் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். குழந்தை பிறந்த பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? பால் கொடுக்கிற காலத்தில் அது வராமலே மறுபடி கர்ப்பம் தரித்தவர்கள் உண்டு. எக்ஸ்ரே வயிற்றில் படுவது சிசுவுக்கு நல்லதல்ல. துளி சந்தேகம் இருந்தாலும் கூச்சப்படாமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

முதல் நாள் இரவு இட்லியோ ரசம் சாதமோ போதும். ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் இன்னொரு நாளைக்கு! நடுராத்திரிக்குப் பிறகு பொதுவாகக் காபி, வெற்றிலை, எதுவும் கூடாது. தண்ணீர் குடிக்கலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் அன்றைய மாத்திரை, ஊசி பற்றியும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அரைஞாண், இடுப்பில் செருகிய ஊக்கு, சாவிக்கொத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். பேரியம் குடித்தபின் சிறிது நேரத்துக்கு ஒரு படமாக எடுப்பார்கள். சிலருக்கு ஒரு மணி நேரத்தில் முடியும். சிலருக்கு நாலு மணிக்கும் மேலாகும். ஆகவே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அழைத்துப் போங்கள். நடுநடுவே வெளியே வந்து பால் கொடுக்கலாம். குழந்தையை மட்டும் எக்ஸ்ரே அறைக்குள் கொண்டு போகக் கூடாது.

இரண்டு மூன்று நாள் மலம் வெள்ளையாகப் போகும், பயப்படாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், இல்லாவிட்டால் மலம் கட்டிக்கொள்ளும். தேதிக்கு முன்பே ஓயாத வாந்தி வந்து, வயிறு உப்பி, காற்றுக்கூடப் பிரியாமல் போனால் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? குடலிலும் காசநோய் வரும். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம்தான் அதற்குப் பிடித்தமான இடம். கண்டுபிடித்தால், குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணப்படுத்தலாம்; அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம். கண்டுகொள்ளாமல் விட்டால் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும். 1960களில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் 'ஸ்ப்ரூ' என்ற குடல்நோய் பரவி, வயிற்றுப்போக்கால் பலர் எலும்பும் தோலுமானார்கள். அதை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. இப்போது சி.டி., எம்.ஆர். படங்களும் இருக்கின்றன, எது தேவை என்று டாக்டர் சொல்லட்டும்.

ஒருநாள் கூலி போனால் போகட்டும். குழந்தைக்கு அம்மா வேண்டும். படம் எடுத்ததும் மறக்காமல் எனக்கு எழுதுங்கள்.