பட்டாளத்துக்குப் போன பூட்டனைத் தேடுவது எப்படி?

மஞ்சக்குட்டையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். காபிக்கொட்டை காயும் வாசல், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம், உள்ளே பரண், பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஏறிய பேரன் அந்தப் பெட்டியை இறக்குகிறான். பழைய பத்திரங்களுக்கும் பூச்சி அரித்த கம்பளிக்கும் அடியில் ஆறு முனை உள்ள ஒரு நட்சத்திரம். எண்பதைத் தாண்டிய ஆயாவிடம் காட்டினால், “எங்கப்பாது கண்ணு. பர்மா சண்டைக்குப் போயிருந்தாரு” என்கிறார். எந்தப் படை, எந்த வருஷம், அங்கே என்ன வேலை பார்த்தார்? “அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நான் அப்ப கைக்குழந்தை.”

இந்த வீடு கற்பனைதான். ஆனால் இப்படிப்பட்ட பெட்டிகள் கற்பனை இல்லை. இரண்டாம் உலகப்போரில் இந்திய ராணுவத்தின் பலம் 25 லட்சத்தைத் தொட்டது. அதற்கு முந்தைய போரில் 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். இவர்களில் பெரும்பாலோர் தளபதிகள் அல்ல. பாலம் கட்டியவர்கள், லாரி ஓட்டியவர்கள், சமைத்தவர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள், காட்டில் சாலை போட்டவர்கள். இவர்களைப் பற்றிப் புத்தகம் கிடையாது. ஊருக்குள் “பட்டாளத்து வீடு” என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கும். அதுவும் அடுத்த தலைமுறையில் கான்கிரீட் வீடாகி, பெயர் மாறிவிடும்.

சரி, தேடுவது எங்கிருந்து? பெட்டியிலிருந்தேதான்.

நட்சத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பொறித்தார்கள். பின்பக்கம் ஒரு எண், ஒரு பதவி, ஒரு பெயர், நாலைந்து எழுத்தில் ஒரு படைப்பிரிவு. முதல் உலகப்போர் பதக்கம் என்றால் அது பெரும்பாலும் வட்டமாக இருக்கும். எழுத்து விளிம்பில் ஓடும். பூதக்கண்ணாடி வேண்டும், சாய்வான வெளிச்சம் வேண்டும். புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். பளபளப்பு வரும், பெயர் போய்விடும். எத்தனையோ வீடுகளில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அன்போடு தேய்த்தே தாத்தாவை அழித்திருக்கிறார்கள்!

கிடைத்ததில் பெயரைவிட எண்தான் முக்கியம். முனுசாமி என்ற பெயரில் ஒரே கம்பெனியில் நாலு பேர் இருந்திருப்பார்கள். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா ஒருநாள் எழுதியதுபோல மறுநாள் எழுதியிருக்க மாட்டார். எண் அப்படி இல்லை. அந்த எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால் ஒரே ஆள்.

படைப்பிரிவுக்கான எழுத்துகளும் ஆளைக் குழப்பும். ‘எஸ் அண்ட் எம்’ என்றால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். பாலம், சுரங்கம், கண்ணிவெடி என்று பொறியியல் வேலை பார்த்த படை. மதராஸ் சாப்பர்களின் தலைமையிடம் அன்றும் இன்றும் பெங்களூருதான். இன்றைய பெயர் மதராஸ் இன்ஜினீயர் குரூப். ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி’ என்றால் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், ரேஷனும் லாரியும் அவர்கள் பொறுப்பு. ‘ஐ.ஏ.எம்.சி’ மருத்துவப் பிரிவு. மதராஸ் ரெஜிமென்ட் என்றே இருந்தால் வழி சுலபம். அதன் மையம் குன்னூர் பக்கத்தில் வெலிங்டன்.

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் ஆவண அலுவலகம் உண்டு. பட்டாளத்துக்காரர்கள் பேச்சில் ‘ரெக்கார்ட் ஆபீஸ்’. மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. டெல்லியில் ஒரே கட்டடத்தில் எல்லாரும் இருப்பார்கள் என்று நினைத்து அங்கே எழுதினால், கடிதம் ஊர் சுற்றும்.

இங்கேதான் வயிற்றைப் பிசையும் விஷயம் ஒன்று வருகிறது. ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்த சிப்பாயின் கோப்பை 25 ஆண்டுகள்தான் வைத்திருக்க வேண்டும், பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. போர் முடிந்து 1946-ல் “போய் வா” என்று லட்சக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று வருஷம், நாலு வருஷம் சேவை செய்தவர்களுக்கு ஓய்வூதியம் ஏது? கணக்குப் போட்டால் 1971 வாக்கில் அவர்களுடைய கோப்புகளின் ஆயுள் முடிந்தது. எந்தத் தேதியில் சேர்ந்தார், என்ன உயரம், உடம்பில் எங்கே தழும்பு, எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் கிடந்தார், வாரிசாக யார் பெயரைச் சொன்னார், கையெழுத்தா கைநாட்டா எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருந்தன.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு இழப்பு உண்டு. செயின்ட் லூயிஸ் நகரில் தேசிய ராணுவ ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் போயின. 1912-க்கும் 1960-க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது சாம்பல். நகல் கிடையாது, மைக்ரோஃபிலிம் கிடையாது. அது விபத்து. நம் ஊரில் நடந்தது விதிப்படி, முத்திரை குத்தி.

ஆனால் அமெரிக்கர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. சம்பளப் பட்டியல், அன்றாட ஆள் கணக்கு, முன்னாள் வீரர் நலத்துறையில் கொடுத்த விண்ணப்பம் என்று வேறு வேறு இடத்தில் சிதறிக் கிடந்த காகிதங்களை எடுத்து ஆளை மறுபடி ஒட்டுப்போட்டு உருவாக்குகிறார்கள். படையை விட்டு 62 ஆண்டுகள் ஆகிவிட்டால் அந்தக் கோப்பை யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்றும் அங்கே விதி உண்டு. சாதாரணச் சிப்பாயின் பேரன் பேத்திகள் அங்கே இதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள்.

அந்த ஒட்டுப்போடும் வேலை இங்கேயும் நடக்கும். ஏனென்றால் கோப்பு போனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதன் பெயர் ‘லாங் ரோல்’. படையில் சேர்ந்தவர்களை எண் வரிசைப்படி எழுதிய பெரிய பேரேடு. இதை அழிப்பதில்லை. கோப்பு முழுக் கதை என்றால் இது ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரி, ஆயாவின் அப்பா இன்ன எண்ணில், இன்ன படையில் இருந்தார் என்று அரசாங்கமே சொல்லும் வரி. ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதும்போது “சர்வீஸ் கோப்பு அழிக்கப்பட்டிருந்தால் லாங் ரோல் பதிவின் நகலையாவது தரவும்” என்று சேர்த்து எழுதுங்கள். கோப்பை மட்டும் கேட்டால், “அழிக்கப்பட்டுவிட்டது” என்ற இரண்டு வரிப் பதிலோடு முடிந்துவிடும்.

கடிதத்தில் வைக்க வேண்டியவை: பதக்கத்தின் இரு பக்கப் படம், எண், பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களும், அவருடைய அப்பா பெயர், அன்றைய ஊர், தாலுகா, மாவட்டம், நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதற்கான சான்று. பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க வழி இருப்பதால், அதிலும் வாரிசு என்று காட்டுவது நல்லது. டிஸ்சார்ஜ் புத்தகம் பெட்டியில் இருந்தால் இத்தனை அலைச்சலும் வேண்டாம்; அந்தச் சின்னப் புத்தகத்தில் எல்லாமே இருக்கும். பட்டாவோடு பட்டாவாகச் சுருட்டி வைத்திருப்பார்கள், பிரித்துப் பாருங்கள். போருக்குப் போய் ஓய்வூதியம் இல்லாமல் திரும்பிய இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாத நிதியுதவி தருகிறது. அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கேட்பது சேவைக்கான ஆதாரத்தைத்தான். புத்தகத்தைத் தொலைத்த வீட்டில் தொண்ணூறு வயது மனைவி என்ன காட்டுவார்?

‘அன்றைய மாவட்டம்’ என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்றைய சேலம் மாவட்டம் இன்றையது இல்லை. தர்மபுரி 1965 வரை சேலத்தில்தான் இருந்தது, கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதோடு சேர்த்தி. நாமக்கல் இன்னும் வேடிக்கை. 1910-ல் திருச்சிக்குப் போய், 1929-ல் சேலத்துக்குத் திரும்பி, 1997-ல் தனி மாவட்டமானது. ஆக, முதல் போருக்குப் போன நாமக்கல்காரரைச் சேலம் கணக்கில் தேடினால் கிடைக்க மாட்டார், திருச்சியில் இருப்பார். அதுவும் ‘டிரிச்சினாபொலி’ என்ற எழுத்துக்கூட்டலில். மலைக்காரர் என்றால் ஊர்ப் பெயரே இல்லாமல் ஏற்காடு என்றோ ‘ஷெவராய்’ என்றோ எழுதியிருக்கவும் கூடும். மஞ்சக்குட்டையை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பத்தைத் தாண்டும்.

போனவர் திரும்பி வரவில்லை என்றால் தேடல் வேறு பக்கம் திரும்புகிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு போர்களிலும் இறந்தவர்களின் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. பெயரில் தேடிச் சலித்தவர்கள் ‘கூடுதல் தகவல்’ என்ற பெட்டியில் ‘சேலம்’ என்று ஆங்கிலத்தில் போட்டு, இந்தியப் படை என்று வடிகட்டிப் பார்க்கலாம். இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று பல பதிவுகளில் இருக்கும். பர்மாவில் இறந்து உடல் கிடைக்காதவர்களுக்கு யாங்கூன் பக்கத்தில் தவுக்கியன் கல்லறைத் தோட்டத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அதன் தூண்களில் ஏறக்குறைய 27 ஆயிரம் பெயர்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்திலும், முதல் போர்க் காலத்தில் இறந்து இந்தியாவின் வெவ்வேறு மூலைகளில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே இடத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

எல்லாருக்கும் இந்த மரியாதை கிடைக்கவில்லை. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயர் இருக்கிறது, இந்திய அதிகாரிகளுக்கும் இருக்கிறது. இந்தியச் சிப்பாய்களுக்கு? ரெஜிமென்ட் பெயர் போட்டு, “மேலும் இத்தனை இந்திய வீரர்கள்” என்று ஒரு எண்ணிக்கை. கல்லில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது, அந்தச் சின்னத்தில் 40 ஆயிரம் பேருக்கு மேல் நினைவுகூரப்படுகிறார்கள். 2021 ஏப்ரலில் அந்த ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியா, ஆப்பிரிக்கா போன்ற இடங்களிலிருந்து முதல் போருக்குப் போய் இறந்தவர்களில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேருக்கு, ஒருவேளை மூன்றரை லட்சம் பேருக்குக்கூட, பெயர் சொல்லும் நினைவுச் சின்னம் இல்லை, ஒருவேளை நினைவுச் சின்னமே இல்லாமலும் இருக்கலாம் என்றது அந்த அறிக்கை.

முதல் போர்க்காரர்களைத் தேடுவதில் நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அன்றைய மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920-களில் ஒவ்வொன்றாகக் கலைத்துவிட்டார்கள். மறுபடி மதராஸ் ரெஜிமென்ட்டை எழுப்பியது இரண்டாம் போரின் நடுவில்தான். அதனால் ‘63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி’ என்று விளிம்பில் இருக்கும் பதக்கத்தோடு வெலிங்டனுக்கு எழுதுவதைவிட, அந்தப் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைப் படிப்பது பலன் தரும். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கி அடிவாங்கித் திரும்பிய படை அது. போர் நாட்குறிப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தேடலாம். அவற்றில் சிப்பாயின் பெயர் பெரும்பாலும் வராது. ஆனால் அன்றைக்கு மழை பெய்ததா, சோறு வந்து சேர்ந்ததா, எத்தனை மைல் நடந்தார்கள் என்பதெல்லாம் வரும்.

பஞ்சாப்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள். அங்கே முதல் போருக்குப் போனவர்களை ஊர் ஊராக எழுதிவைத்த பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 26 ஆயிரம் பக்கங்கள், 3 லட்சத்து 20 ஆயிரம் பேர். பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபு அமைப்பு ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையைத் தொடங்கி, 2021 நவம்பர் 11 அன்று முதல் தொகுதியை வெளியிட்டார்கள். ஊர்ப் பெயரைத் தட்டினால் பூட்டன் வந்து நிற்கிறார். யாரோ ஒரு குமாஸ்தா அன்றைக்கு ஒழுங்காக எழுதியதும், அதை யாரும் எடைக்குப் போடாததும்தான் காரணம்.

மறுபடி மஞ்சக்குட்டை. பேரன் நட்சத்திரத்தைப் படம் எடுத்துவிட்டான், எண்ணைக் குறித்துவிட்டான். வெலிங்டனோ பெங்களூருவோ, பதில் வர மாதங்கள் ஆகலாம். அதற்குள் செய்ய ஒரு வேலை இருக்கிறது. போனில் ரெக்கார்டரைப் போட்டு ஆயாவின் முன்னால் வைப்பது. “உங்கப்பா என்ன பண்ணினார்?” என்று கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும். “மணியார்டர் வந்துச்சா? யாரு கொண்டுவந்து குடுத்தாங்க? திரும்பி வந்தப்ப என்ன கொண்டுவந்தாரு? இந்தியில ஏதாச்சும் பேசுவாரா? அவர்கூடப் போன வேற ஊர்க்காரங்க யாராச்சும் வீட்டுக்கு வருவாங்களா?” என்று கேட்டுப் பாருங்கள்.

“ஓசூருல இருந்து ஒருத்தரு வருவாரு கண்ணு” என்று ஆயா ஆரம்பித்தால், அந்த ஓசூர்க்காரர் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும்.