முதுமை ஒரு நோயா?

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களைக் கண்டிருப்பீர்கள். கோடை வெயிலில் பாத்திகள் வெள்ளியென ஒளிரும். வடகிழக்குப் பருவமழை பிறந்ததும் அவை நீரில் மூழ்கும். உப்பு விளைச்சல் ஓய்ந்துவிடும். அதனைப் பாத்திக்கு வந்த பிணி என்று எவரும் கூறார்; பருவம் மாறிற்று என்றே கூறுவர்.

மனிதனுக்கும் பருவங்கள் உண்டு. பலவீனத்தில் படைத்து, வலிமை ஈந்து, மீண்டும் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்பதைத் திருமறையின் 'அர்ரூம்' அத்தியாயத்தில் (30:54) அல்லாஹுத்தஆலா உணர்த்துகிறான். ஆயினும், உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலின் 11-ஆம் திருத்தத்தில், 'முதுமை' என்பதே தனிக் குறியீடாக இடம்பெற்றது. மருத்துவ அறிஞர் பலர் எதிர்த்த பின்னரே அச்சொல் விலக்கப்பட்டது.

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவிய கிராமப்புற அரபிகளுக்கு அருமை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த விடையை உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த பெருமானார், மருந்தில்லாதது முதுமை ஒன்றே எனவும் தெளிவுறுத்தினார்கள். நாமோ இவ்விரண்டையும் தலைகீழாக்கிவிட்டோம்.

உப்பு வாரும் முதியவரின் கண் மங்கினால், "வயதாகிவிட்டது" எனக் கைவிரிக்கிறோம். அது கண்புரையாயின் அறுவையால் நீங்கக்கூடியதன்றோ? உவர்நீரில் வெந்த அவர்தம் பாதத்தின் வெடிப்பு வயது தந்ததன்று, தொழில் தந்தது. அதற்கு மருந்திடுதல் கடமை. மாறாக, அவர் நடை தளர்ந்து உறக்கம் குறைந்தால், நோயாளி எனப் பெயரிட்டு மாத்திரைப் பையுடன் மூலையில் அமர்த்துகிறோம். நோயாளி என்றால் பொறுப்பு மருத்துவருடையது. முதியவர் என்றால் அது நம்முடையதாயிற்றே!

பெற்றோர் "உம்மிடத்தில்" முதுமை எய்தினால் அவர்களிடம் சலிப்பின் சிறு ஒலியும் எழுப்பலாகாது என்பது இறைகட்டளை (17:23). முதுமை கழியவேண்டிய இடம் எது என்பதை அச்சொல்லே காட்டிவிடுகிறது. எலும்பு தளர்ந்து தலை நரைத்ததை இறைவனிடம் எடுத்துரைத்த நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் இளமையை வேண்டினார்களில்லை. தமக்குப்பின் பொறுப்பேற்கும் வாரிசையே வேண்டினார்கள். நின்று தொழ இயலாதவரை அமர்ந்து தொழச் சொல்லும் நம் மார்க்கம், அவரைத் தொழுகை அணியிலிருந்து விலக்கவில்லை.

இன்று ஜும்ஆ முடிந்து இல்லம் திரும்பியதும் உங்கள் வீட்டு முதியவரின் அருகே சற்று அமருங்கள். மருந்தால் தீரும் துன்பம் உண்டா எனக் கேளுங்கள். உண்டெனில் அழைத்துச் செல்லுங்கள். இல்லையெனில் எழுந்துவிடாதீர்கள், இன்னும் சிறிது நேரம் அமர்ந்திருங்கள். நரைத்த தலைகளைக் கண்ணியப்படுத்தும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.