பேசிய விலையும் தட்டிப் பார்த்த தூணும்

"பேசி முடித்த பிறகு விலையைக் குறைக்கிறார், இவரெல்லாம் ஒரு மனிதரா?" ஒரு வாரமாக எங்கள் தெருவில் இதே பேச்சு. கடற்கரைப் பக்கம் மூன்று மாடிக் கட்டடம், ஆறு குடித்தனம். விலை பேசி அட்வான்ஸும் கைமாறிவிட்டது. பிறகு வாங்குகிறவர் இன்ஜினியர் ஒருவரை அழைத்துப் போனார். அவர் சுத்தியால் தட்டியதும் கீழ்த்தளத்துத் தூண்கள் நான்கு பொக்கென்று ஒலித்தன. பூச்சைப் பெயர்த்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து இளைத்துக் கிடக்கிறது. சரிசெய்யும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார். ஊரே அவரைத் திட்டுகிறது. நான் அவர் கட்சி.

நம்மூர் உப்புக் காற்று என்ன செய்யும் என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பி துருவேறினால் பருத்து, காங்கிரீட்டையே பிளந்துவிடும். அந்தத் தூண்களுக்கு அண்மையில்தான் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். தூணுக்கு மட்டும்! மற்ற சுவர்கள் பாசி பிடித்தபடியே நிற்கின்றன. இதற்கு என்ன பெயர் வைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

2014 நவம்பர் மழையில் நம் மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை மறந்துவிட்டோமா? கடலைப் பார்த்துக்கொண்டு கம்பீரமாகத்தானே நின்றது.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கோது சிவில் 1641 முதல் உள்ள பிரிவுகள் மறைந்த குறையைப் பற்றியவை. அப்படிக் குறை இருந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. 1882-ஆம் ஆண்டு இந்தியச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவும், வாங்குகிறவர் சாதாரணமாகக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது.

குழாய் ஒழுகுகிறது, ஜன்னல் கொண்டி இல்லை என்று பட்டியல் போட்டு லட்சக்கணக்கில் பிடுங்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக நான் பேசவில்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியவை அவை. பூச்சுக்குள் இருக்கும் கம்பியை யார் பார்ப்பது?

"பெண் கல்யாணத்துக்கு வைத்த பணமப்பா" என்கிறார்கள். இருக்கட்டும். அந்தத் தூண்களுக்கு மேலே ஆறு குடும்பம் படுத்துத் தூங்குகிறதே, அங்கே பெண்கள் இல்லையா?

குறைக்க மனமில்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கட்டும். அதையும் தரமுடியாது என்கிறாராம் வீட்டுக்காரர். அந்த வாக்கைப் பற்றி மட்டும் தெருவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.