நாணலும் நாமும்

அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாகிய கொள்ளிடக் கரையில், வெண்பூங்கதிர் அசைய நிற்கும் நாணலை மாணவர் பலரும் கண்டிருப்பர். பல்லாண்டு வாழும் இப்புல் ஏழையின் குடிசைக்குக் கூரையாகிறது; தன் வேர்ப்பின்னலால் கரைமண்ணைக் காக்கிறது. கோயம்புத்தூரில் பார்பரும் வெங்கட்ராமனும் கரும்போடு நாணலை இணைத்து உண்டாக்கிய 'கோ 205' என்னும் இனம் 1918-இல் வெளிவந்தது. இன்று பெரம்பலூர் உழவர் எறையூர்ச் சர்க்கரை ஆலைக்கு அனுப்பும் கரும்பிலும் நாணலின் உறவு உண்டு.

ஆயினும், கரையில் நண்பனாய் நிற்கும் நாணல் வயலுக்குள் புகுந்தால் பகையாகும். காற்றில் பறக்கும் விதையாலும், மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் அது பரவுகிறது. பனாமா நாட்டில், அழிந்த காடு மீண்டும் தழைக்க இடங்கொடாமல் நிலத்தை மூடிநிற்பதும் இதுவே.

இதனைத் தீயிட்டு ஒழிக்கலாம் எனச் சிலர் கருதுவர். அது பேதைமை. தீ இலையை மட்டுமே எரிக்கும். மண்ணுள் கிடக்கும் தண்டு மீண்டும் துளிர்க்கும். அருகிலுள்ள மரக்கன்றுகளே மடியும். கரையிலுள்ள நாணலை அடியோடு பெயர்ப்பதும் தவறு. வெள்ளம் வருங்கால் கரை சரியும். ஆகவே, கரையில் உள்ளதை விதை பறக்குமுன் அறுத்துக் கூரைக்குக் கொள்க. வயலில் புகுந்ததைத் தண்டோடு தோண்டி எடுக்க. இடமறிந்து காத்தலும் இடமறிந்து களைதலுமே அறிவுடைமை.