துப்புரவுக்கு வாங்கப்படும் மீன்கள்

மீன்தொட்டி வாங்கி, வண்ண மீன்களும் எடுத்து முடித்த பிறகு கடைக்காரர் கடைசியாக ஒன்று கேட்பார்: “சக்கர் ஒண்ணு போட்டுடட்டுமா? தொட்டி சுத்தமா இருக்கும்.” சில கடைகளில் சக்கருக்குப் பதிலாக மீசை வைத்த சின்னக் கோரி மீன் ஒன்றோ இரண்டோ பையில் ஏறும். தொட்டியின் அடித்தளத்தில் வாழும் மீன்கள் நம் வீடுகளுக்குள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகின்றன. யாரும் அவற்றை விரும்பி வாங்குவதில்லை; மற்ற மீன்கள் போடும் குப்பையை அள்ளத்தான் வாங்குகிறார்கள். அவை படும் பாட்டுக்கெல்லாம் வேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பேன். வேலைக்கு வாங்கிய மீனுக்குத் தனியாக உணவு தேவை என்றோ, கூட்டு தேவை என்றோ, படுக்க மணல் தேவை என்றோ எவருக்கும் தோன்றுவதில்லை.

கணக்கே தவறு என்பதை முதலில் பார்ப்போம். கோரி எனப்படும் கோரிடோராஸ் மீன்கள் தென்னமெரிக்க ஆறுகளில் புழுக்களையும் பூச்சிகளின் இளம் பருவங்களையும் மணலில் துழாவித் தின்பவை. தென்கிழக்காசியாவிலிருந்து வரும் கூலி லோச் என்ற பாம்பு போன்ற குட்டி மீனும் அப்படியே. மற்ற மீன்களின் கழிவு இவற்றுக்கு உணவே அல்ல. மிஞ்சிய தீனியைத் தின்னுமே என்று கேட்கலாம். தின்னும், உண்மைதான். ஆனால் தின்றது எங்கும் மறைந்துவிடாது. செவுள் வழியாக அம்மோனியாவாக அதே தண்ணீரில்தான் கலக்கும். தொட்டியில் ஒரு மீன் கூடினால் கழிவும் கூடும். உண்மையான துப்புரவைச் செய்பவை ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியாக்கள். அவை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை அவ்வளவு நஞ்சில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மிஞ்சும் நைட்ரேட்டை வெளியேற்ற, வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றும் மனிதக் கைதான் வேண்டும். சக்கர் மீனின் கதை இன்னும் மோசம். விரல் நீளத்தில் வாங்கப்படுவது ஓரடிக்கு மேல் வளர்ந்துவிடும். தொட்டி கொள்ளாமல் போனதும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஆந்திரத்திலும் நீர்நிலைகளில் இன்று அது பெருகிக் கிடக்கிறது. கரைகளில் வளை தோண்டுகிறது, மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

துப்புரவு என்ற எண்ணத்தை ஒதுக்கிவிட்டு, இந்தச் சின்ன மீன்களுக்காகவே ஒரு தொட்டி அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போது தொட்டியை அளக்கும் முறையே மாறிவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியும், அதையே நிமிர்த்தி வைத்தாற்போல் இரண்டடி உயரமுள்ள தொட்டியும் ஒரே அளவு தண்ணீர்தான் கொள்ளும், ஏறத்தாழ 55 லிட்டர். ஆனால் நிமிர்ந்த தொட்டியில் தரை பாதியாகிவிடுகிறது. காற்றோடு உறவாடும் நீர்ப்பரப்பும் பாதிதான். வரவேற்பறைக்கு அழகு என்று விற்கப்படும் உயரத் தொட்டிகள் தரைமீனுக்கு எந்தப் பயனும் இல்லாதவை. அடுத்தது தரை. கோரி மூக்கை மணலுக்குள் புதைத்து, வாய்நிறைய அள்ளி, தீனியை எடுத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே உதிர்க்கும். கடைகளில் கிடைக்கும் நீலமும் சிவப்புமான சாயக் கற்களில் அதற்கு வழியே இல்லை. தீனி கற்களின் இடுக்கில் விழுந்து, எட்டாத இடத்தில் அழுகும். மீசை தேய்ந்துபோவதற்குக் கூரிய கல் காரணமா, அந்த அழுகலில் வளரும் கிருமி காரணமா என்று வளர்ப்பவர்களிடையே வாதம் உண்டு. எதுவானாலும் தீர்வு மணல்தான். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் உடைத்த கல், அதன் முனைகள் கூர்மையானவை, அது கூடாது. கடற்கரை மணலில் உப்பும் கிளிஞ்சலும் இருக்கும். சலித்து, கலங்கல் போகும்வரை அலசிய நைஸான ஆற்று மணல் ஒன்றரை அங்குலம் போதும். மேற்சொன்ன தொட்டிக்குப் பத்துக் கிலோ அளவில் பிடிக்கும். மணல் இறுகிக் கறுத்து நாறும் என்பார்கள். நாலைந்து அங்குலம் கொட்டினால் அப்படி ஆகலாம். மெல்லிய படுகையில் மீன்களே கிளறிக்கொண்டிருப்பதால் அந்தப் பயம் குறைவு.

நம் ஊரில் யாரும் பேசாத ஒன்று வெயில். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடு ஏறஏற அம்மோனியாவின் நஞ்சும் ஏறும். பெப்பர் கோரி என்று விற்கப்படுவது அர்ஜென்டினா, உருகுவே பக்கத்துக் குளிர்ந்த ஆறுகளின் மீன். சென்னையின் மே மாதத் தண்ணீரில் அதை விடுவது வம்பு. “எங்கள் தொட்டியில் உயிரோடுதானே இருக்கிறது” என்ற பதிலில் ஒரு பொறி உண்டு. கோரியும் லோச்சும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, குடல் வழியே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளக்கூடியவை. மற்ற மீன்கள் செத்து மிதக்கும் தண்ணீரிலும் இவை கொஞ்சநாள் தள்ளிவிடும். எப்போதாவது மேலே வருவது இயல்பு; ஓயாமல் மேலும் கீழும் பாய்ந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள்.

இந்த வெப்பத்துக்குப் பழகிய தரைமீன் நம் ஆற்றிலேயே இருக்கிறது: அயிரை. மதுரைப் பக்கம் குழம்பில் மட்டுமே அதைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் மணலில் கண் மட்டும் தெரியப் புதைந்து கிடந்து, தீனி விழுந்ததும் கூட்டமாக எழும் அந்த மீனைவிட, வெளிநாட்டு லோச் எதுவும் பார்க்க மேலானதல்ல. உள்ளூர் மீன் என்பதாலேயே எல்லாவற்றையும் பிடித்துவரலாம் என்று சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் வரி லோச், போட்டியா ஸ்ட்ரையேட்டா, அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. அதை ஓடையிலிருந்து அள்ளிவந்து விற்பதை ஏற்கவே முடியாது.

இடமும் பணமும் இல்லாதவர் இவ்வளவும் செய்ய முடியுமா என்று கேட்பது நியாயமே. ஒன்றுக்கொன்று கூட்டாக ஆறு குட்டிக் கோரிகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், ஒளிந்துகொள்ள நாலு கூழாங்கல், மீன் துள்ளி விழாமலிருக்க ஒரு மூடி: இவ்வளவுதான் தேவை. பெரிய பகட்டுத் தொட்டியைவிட இது மலிவு. மாற வேண்டியது கடைகளின் வழக்கம். கொளத்தூர் வண்ணமீன் சந்தையிலோ வேறெங்குமோ, ஒவ்வொரு தொட்டியின் கண்ணாடியிலும் இந்த மீன் எவ்வளவு வளரும், குறைந்தது எத்தனை சேர்த்து வளர்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டலாம். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சத் தேவையில்லை. துப்புரவுக்கு ஒரு கோரி விற்ற இடத்தில் ஆறு விற்கும். கூடவே அவற்றுக்கென்று மூழ்கும் தீனியும் விற்கும். குறைவது சக்கர் மட்டும்தான்.